குடல் அழற்சிக்கு மருந்து எடுக்கும் கர்ப்பிணி: பிள்ளைக்கு எது ஆபத்து, எது இல்லை? பிசிஜி எப்போது போடுவது?

நீடாமங்கலம்_சிஸ்டர்

எல்லாருக்கும் வணக்கம். எங்க துணை சுகாதார நிலையத்துல பதிவான ஒரு தாய்க்குக் குரோன்ஸ் நோய் (நாள்பட்ட குடல் அழற்சி). இப்ப 26 வாரம். அடாலிமுமாப் 40 மி.கி. ஊசி ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை, அசதயோபிரின் 50 மி.கி. மாத்திரை தினமும் ஒண்ணு. நோய் ஒன்றரை வருஷமா அடங்கியிருக்கு. எடை, ரத்த அழுத்தம், ஸ்கேன் எல்லாம் சரி.

வீட்டுல ஊசியை நிறுத்தச் சொல்லி மாமியார் ஒரே பிடியா நிக்கிறாங்க. "வயித்துப் பிள்ளைக்கு இவ்வளவு மருந்து ஏறலாமா"ன்னு கேக்குறாங்க. அந்த அம்மா கேக்குறது தப்பில்ல, பதில் சொல்ல வேண்டியது நாமதான்.

எனக்குத் தெரிய வேண்டியது: ஊசி, மாத்திரை ரெண்டையும் பிரசவம் வரைக்கும் தொடரலாமா? பிறந்ததும் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி), சொட்டு மருந்து வழக்கம்போலப் போடலாமா? தாய்ப்பால்? யாராவது வரிசையா எழுதினா பக்கத்து நிலையத்து சிஸ்டர்களுக்கும் அனுப்பிடுவேன்.

குடல்நலம்_தஞ்சை

சிஸ்டர், முதல் கேள்விக்கு நேரடியான பதில்: இரண்டையும் தொடர வேண்டும். நிறுத்தக் கூடாது.

பிள்ளைக்கு ஆபத்து என்றதும் எல்லாரும் மருந்தைத்தான் பார்க்கிறார்கள். குரோன்ஸிலும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸிலும் (பெருங்குடலில் புண் வரும் நோய்) பிள்ளையைப் பாதிப்பது பெரும்பாலும் அடங்காத நோய். குடல் புண் எரிந்துகொண்டிருக்கும்போது கரு தங்கினால் கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை மூன்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படிக் கருத்தரித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கர்ப்பம் முழுவதும் நோய் அடங்காமலே போகும். அதனால்தான் ஸ்டீராய்டு இல்லாமல் 3 முதல் 6 மாதம் நோய் அடங்கிய பிறகு கருத்தரிக்கச் சொல்கிறோம். இந்தத் தாய்க்கு அந்த நிலைமை அமைந்திருக்கிறது. அதை நாமே கலைத்துவிடக் கூடாது.

அமெரிக்காவில் 2007-இல் தொடங்கிய 'பியானோ' என்ற பதிவேட்டின் முடிவு 2021-இல் வந்தது. 1,490 கர்ப்பங்களைப் பின்தொடர்ந்தார்கள். அசதயோபிரின் வகை, அடாலிமுமாப் போன்ற உயிரியல் மருந்துகள், இரண்டும் சேர்ந்தது என்று எதை எடுத்த தாய்மாரிடமும் பிறவிக் குறைபாடு கூடவில்லை. குழந்தைகளுக்கு முதல் வருடத்தில் தொற்றுகளும் கூடவில்லை. நோய் அடங்காமல் இருந்தவர்களுக்குக் கருச்சிதைவு கூடியது. மாமியாரிடம் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான செய்தி கிடையாது. "ஊசி பிள்ளைக்காகத்தான்" என்றே சொல்லலாம், அது உண்மை.

இனி ஊசி பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்பதைப் பார்ப்போம். உங்கள் இரண்டாவது கேள்வியின் வேர் அங்கேதான் இருக்கிறது. இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் இரண்டும் நம் உடலின் எதிர்ப்புப் புரதம் போன்ற அமைப்பு கொண்டவை. தாயின் எதிர்ப்புச் சக்தியைப் பிள்ளைக்கு ஏற்றிவிட நஞ்சுக்கொடியில் ஓர் ஏற்பி இருக்கிறது. இந்த மருந்தும் அதே வழியாக ஏறுகிறது. முதல் மூன்று மாதத்தில், அதாவது உறுப்புகள் உருவாகும் காலத்தில், கடப்பது மிகக் குறைவு. நான்காவது மாதத்துக்குப் பிறகு கூடிக்கொண்டே போய் கடைசி மூன்று மாதத்தில் உச்சம். பிறக்கும்போது தாயின் ரத்தத்தில் இருப்பதைவிடத் தொப்புள்கொடி ரத்தத்தில் அதிகமாகக்கூட இருக்கும். அது பிள்ளை உடலை விட்டுப் போக மாதக்கணக்காகும்: அடாலிமுமாப் 9 மாதம் வரையும், இன்ஃப்ளிக்சிமாப் 12 மாதம் வரையும் கண்டறியப்பட்டிருக்கிறது. உறுப்புகளுக்கு இதனால் கேடில்லை. ஆனால் மருந்து எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தும், ஆகவே உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி போடும்போதுதான் கவனம் வேண்டும். அதைக் குழந்தை மருத்துவர் எழுதட்டும்.

அசதயோபிரின்: ஏற்கெனவே ஒத்துப்போய் எடுப்பவர் தொடரலாம். கர்ப்பத்தில் புதிதாகத் தொடங்குவதைத் தவிர்ப்போம், ஏனென்றால் கணைய அழற்சியும் வெள்ளணு வீழ்ச்சியும் தொடங்கிய சில வாரங்களில்தான் வரும். நம் மக்களில் நுட்15 என்ற மரபணு மாற்றம் மேற்கத்தியரைவிட அதிகம். அது உள்ளவர்களுக்குச் சிறிய அளவிலேயே வெள்ளணு சரியும், தலைமுடி கொத்தாகக் கொட்டும். இவருக்கு ஒன்றரை வருடமாக ஒத்துப்போயிருப்பதால் அந்தப் பயம் இல்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை முழு ரத்த எண்ணிக்கையும் கல்லீரல் பரிசோதனையும் வேண்டும். கடைசி மாதங்களில் உள்ளங்கை, உள்ளங்காலில் தாங்க முடியாத அரிப்பு என்றால் தேமல் களிம்பு கொடுத்து அனுப்பாதீர்கள், பித்தம் தேங்கியிருக்கலாம், அன்றே பித்த அமிலப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

மருந்துக்கடை_கும்பகோணம்

டாக்டர் எழுதியதோடு கவுன்டரில் கவனிக்க வேண்டியவற்றைச் சேர்க்கிறேன். சீட்டில் இருப்பது ஒன்று, பையில் இருப்பது வேறு என்பது அடிக்கடி நடக்கும். சிஸ்டர்கள் வீட்டுக்குப் போகும்போது மருந்துப் பையைக் கவிழ்த்துப் பார்ப்பது நல்லது.

மெசலமைன் (குடல் அழற்சியைத் தணிக்கும் மாத்திரை) பாதுகாப்பானது. நோய் அடங்கியிருக்க எந்த அளவு தேவைப்பட்டதோ அதே அளவில் தொடர வேண்டும். "கர்ப்பம்தானே, பாதி போதும்" என்று தானாகக் குறைப்பவர்கள் நிறைய. ஒரு நாளைக்கு 2.4 கிராம் என்றால் 400 மி.கி. மாத்திரையில் 6, 1.2 கிராம் மாத்திரையில் 2. வாந்தி இருக்கும் மாதங்களில் 6 மாத்திரை விழுங்குவது கொடுமை, பெரிய அளவு மாத்திரைக்கு மாற்றித் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்கலாம். உடைத்தோ பொடித்தோ போடக் கூடாது: குடலின் கீழ்ப்பகுதியில் கரைவதற்காகத்தான் அதற்கு உறை. அந்த உறையில் டைபியூட்டைல் தாலேட் என்ற பொருள் சேர்த்த பழைய தயாரிப்புகள் இருந்தன. கர்ப்பிணிக்கு அது வேண்டாம், கடைக்காரரிடம் உட்பொருள் பட்டியலைப் பார்த்துத் தரச் சொல்லுங்கள். ஆசனவாயில் வைக்கும் மெசலமைன் மாத்திரையும் தொடரலாம்.

சல்ஃபாசலசின் எடுத்தால் ஃபோலிக் அமிலம் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் இந்த மருந்து ஃபோலிக் அமிலம் உடலில் சேர்வதைத் தடுக்கிறது. சாதாரணக் கர்ப்பிணிக்குச் சொல்லும் 400 மைக்ரோகிராம் போதாது, குறைந்தது 2 மி.கி. வேண்டும். நம் கடைகளில் கிடைப்பது 5 மி.கி. மாத்திரை, டாக்டர்கள் அதையே எழுதுகிறார்கள். கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும். கணவர் சல்ஃபாசலசின் எடுப்பவர் என்றால் விந்தணு எண்ணிக்கை குறையும். மருந்தை மாற்றி மூன்று மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். பிள்ளை தங்கவில்லை என்று மனைவியை மட்டும் ஸ்கேன் ஸ்கேனாக அலைக்கழிக்கும் வீடுகளில் கணவரின் மாத்திரை அட்டையை ஒருவரும் பார்ப்பதில்லை.

மெத்தோட்ரெக்ஸேட்: கர்ப்பத்தில் கூடவே கூடாது. கருச்சிதைவு ஆகும், பிறவிக் குறைபாடு வரும். குறைந்தது 3 மாதம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். மூட்டு வலிக்கு என்று வேறொரு டாக்டர் எழுதியிருப்பார், குடல் டாக்டருக்கு அது தெரியாது, இப்படியும் வரும். வாரம் ஒருமுறை எடுக்கும் மருந்து இது. இதுவும் ஃபோலிக் அமிலமும் சின்ன மஞ்சள் மாத்திரையாக வரும் பிராண்டுகள் உண்டு, அதனால் மாற்றிப் போட்டுக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. பையில் இது இருந்தால் அன்றே போன் செய்யுங்கள்.

ஊசி பற்றி: அடாலிமுமாப் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃபிரீசரில் வைத்து உறைந்துபோனால் அந்த ஊசி வீண், உருகிய பிறகும் போடக் கூடாது. கதவுத் தட்டில் வைக்காமல் நடுத்தட்டில் வைக்கச் சொல்லுங்கள். சித்திரை, வைகாசியில் நாலைந்து மணி நேரம் கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காமல் விடுவதே நல்லது. வெளியில் எத்தனை நாள் தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பது 25 டிகிரிக்கான கணக்கு, நம் வீடுகளில் மார்கழி விடியற்காலையைத் தவிர அந்தக் குளிர் ஏது?

கேள்வி_பாபநாசம்

எங்க அண்ணிக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். டோஃபாசிடினிப் 5 மி.கி. காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. இப்ப நாள் தள்ளிப்போய் 6 வாரம்னு தெரிஞ்சிருக்கு. உடனே நிறுத்தணுமா? கருவைக் கலைக்கணும்னு உறவுக்காரங்க பயமுறுத்துறாங்க.

குடல்நலம்_தஞ்சை

நாளைக்கே குடல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள், மாத்திரை அட்டையோடு. டோஃபாசிடினிப், உபாடாசிடினிப் இரண்டும் கர்ப்பத்தில் தவிர்க்க வேண்டியவை. விலங்குகளில் பிறவிக் குறைபாடு தெரிந்திருக்கிறது, மனிதரில் இருக்கும் தகவல் போதாது. கருத்தரிக்கத் திட்டமிட்டால் 4 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். அதே நோய்க்கான ஓசானிமோட் மாத்திரை என்றால் 3 மாதம். டோஃபாசிடினிப் இங்கே ஊசிகளைவிட விலை குறைவாகக் கிடைக்கிறது, அதனால் கல்யாணமாகாத பெண்களுக்கும் புதிதாகக் கல்யாணமானவர்களுக்கும் எழுதப்படுகிறது. எழுதும்போதே கருத்தடை பற்றிப் பேசிவிட வேண்டும், அந்தப் பேச்சு பல இடங்களில் நடப்பதில்லை.

ஆனால் 6 வாரம் எடுத்துவிட்டார் என்பதற்காகக் கலைக்க வேண்டும் என்று எந்த வழிகாட்டுதலும் சொல்லவில்லை. தெரியாமல் எடுத்து நல்லபடியாகப் பெற்றவர்களும் இருக்கிறார்கள். மருந்தை மாற்ற வேண்டும், 18 முதல் 20 வாரத்தில் உறுப்புகளை நுணுக்கமாகப் பார்க்கும் ஸ்கேன் எடுக்க வேண்டும். நிறுத்துவதோடு விட்டால் நோய் திரும்பும், அதனால் "நிறுத்தலாமா" என்பதோடு "பதிலுக்கு என்ன" என்பதையும் அதே நாளில் முடிவு செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலும் அடாலிமுமாப் அல்லது இன்ஃப்ளிக்சிமாபுக்கு மாற்றுவார்கள். அதற்கு முன் காசநோய் மறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயிற்றை மறைத்துக்கொண்டு மார்பு எக்ஸ்ரே எடுக்கலாம், கர்ப்பத்துக்கு அதனால் கேடில்லை.

குழந்தைநலம்_திருவாரூர்

சிஸ்டரின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இந்த இழையில் பிள்ளையின் உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது இதுதான்.

2010-இல் இங்கிலாந்திலிருந்து ஒரு செய்தி வெளியானது. தாய்க்குக் குரோன்ஸ், கர்ப்பம் முழுவதும் இன்ஃப்ளிக்சிமாப். குழந்தை நன்றாகவே பிறந்தது. 3 மாதத்தில் பிசிஜி போட்டார்கள். தடுப்பூசியில் இருந்த உயிருள்ள கிருமி உடல் முழுக்கப் பரவி நான்கரை மாதத்தில் குழந்தை இறந்துவிட்டது. அங்கே பிசிஜி எல்லாக் குழந்தைக்கும் போடுவதில்லை. நம் ஊரில் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும், வீட்டுக்கு அனுப்பும் முன்பே, பிரசவ வார்டிலேயே போடுகிறோம். அது சரியான நடைமுறை, காசநோய் உள்ள நாட்டில் அவசியமானது. ஆனால் இந்தக் குழந்தையைப் பொறுத்தவரை அந்த ஒரு ஊசி காத்திருக்க வேண்டும்.

தாய் கர்ப்பத்தின் பின்பாதியில் இன்ஃப்ளிக்சிமாப் அல்லது அடாலிமுமாப் எடுத்திருந்தால் பிசிஜி முதல் 6 மாதம் போடக் கூடாது. வெடோலிசுமாப், உஸ்டெகினுமாப் போன்ற வேறு உயிரியல் மருந்துகள் எடுத்தாலும் இதே விதியை வைத்துக்கொள்ளுங்கள். இன்ஃப்ளிக்சிமாப் கடைசி வாரங்கள் வரை போயிருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளி வைப்பதும் உண்டு. தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் பிசிஜியை ஒரு வயது முடியும்வரை போடலாம், ஆகவே 6 மாதம் தள்ளினாலும் திட்டத்துக்குள்ளேயே போட்டுவிட முடியும். "விட்டுப்போச்சு" என்று யாரும் பயப்படத் தேவையில்லை.

தாய் எடுத்தது மெசலமைன், சல்ஃபாசலசின், ஸ்டீராய்டு, அல்லது அசதயோபிரின் மட்டும் என்றால் பிசிஜி வழக்கம்போலப் பிறந்ததும் போடலாம். குடல் நோய் என்ற பெயரைக் கேட்டதுமே எல்லாக் குழந்தைக்கும் தள்ளிப்போடுவதும் தவறு.

பிறந்த அன்று போட வேண்டியவை: ஹெபடைட்டிஸ் பி 24 மணி நேரத்துக்குள், வைட்டமின் கே ஊசி. இரண்டிலும் உயிருள்ள கிருமி கிடையாது. 6, 10, 14 வாரத்தில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசி, 6 மற்றும் 14 வாரத்தில் நிமோனியா தடுப்பூசி, தோலுக்குள் போடும் போலியோ ஊசி, எல்லாமே தேதி தவறாமல் போட வேண்டும். இந்தக் குழந்தைகளுக்கு அவை மற்றவர்களைவிட அவசியம்.

போலியோ சொட்டு மருந்து உயிருள்ளது. முதல் 6 மாதத்துக்குச் சொட்டைத் தவிர்த்துப் போலியோ ஊசியாகவே கொடுத்துவிடுவது நல்லது. தனியாரில் 6, 10, 14 வாரம் மூன்று முறையும் ஊசியாகவே கிடைக்கும். போலியோ முகாம் ஞாயிறில் பஸ் ஸ்டாண்டில் குழந்தையை வாங்கி வாயில் விட்டுவிடுவார்கள், தாய்க்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ரோட்டா சொட்டில் கருத்து மாறியிருக்கிறது. முன்பு இதையும் 6 மாதம் வேண்டாம் என்றே சொன்னோம். 2025-இல் வந்த உலகளாவிய ஒருமித்த வழிகாட்டுதல் ரோட்டா கொடுக்கலாம் என்றும் பிசிஜி மட்டும் 6 மாதம் வேண்டாம் என்றும் சொல்கிறது. வாய்க்கால் தண்ணீரும் ஆழ்குழாய்த் தண்ணீரும் மழைக்காலத்தில் ஒன்றாகிவிடும் நம் பகுதியில் வயிற்றுப்போக்கு சின்ன ஆபத்தல்ல, ஆகவே நான் கொடுக்கும் பக்கம்தான். 6 வாரத்தில் குழந்தை மருத்துவர் பார்த்து எழுதட்டும்.

9 மாதத் தட்டம்மை, ரூபெல்லா ஊசிக்கு அடாலிமுமாப் தடையில்லை. இன்ஃப்ளிக்சிமாப் என்றால், அதிலும் தாய் பால் கொடுத்துக்கொண்டே மருந்தும் எடுத்தால், போடும் முன் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. வீட்டில் யாருக்காவது காசநோய் சிகிச்சை நடக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் பிசிஜியைத் தள்ளுவதோடு நிற்காமல் பிறந்த உடனே எங்களிடம் அனுப்புங்கள், பிள்ளைக்குத் தடுப்பு மாத்திரை தேவைப்படும்.

வழிப்போக்கன்_மன்னார்குடி

டாக்டர்களிடம் ஒரு கேள்வி. நோய் அடங்கியிருந்தால் 24 வாரத்தோடு ஊசியை நிறுத்தச் சொல்லும் வழிகாட்டுதலும் படித்திருக்கிறேன். நிறுத்தினால் பிள்ளைக்கு மருந்து ஏறாது, பிசிஜி பிரச்சினையும் தீர்ந்தது. ஏன் தொடர வேண்டும்?

குடல்நலம்_தஞ்சை

நியாயமான கேள்வி. ஐரோப்பாவில் முன்பு அப்படித்தான் செய்தார்கள், 22 முதல் 24 வாரத்தில் கடைசி ஊசி. இரண்டு காரணத்தால் அது மாறியது. நிறுத்தியவர்களில் ஒரு பகுதியினருக்குக் கடைசி மாதங்களிலோ பிரசவத்துக்குப் பிறகோ நோய் கிளம்பியது, அப்போது ஸ்டீராய்டு தேவைப்பட்டது, குறைமாதப் பிரசவமும் வந்தது. ஊசியைத் தொடர்ந்த தாய்மாரின் குழந்தைகளுக்கோ கூடுதல் தொற்று வரவில்லை. நிறுத்திய பிறகும் பிள்ளை உடலில் மருந்து கொஞ்சம் இருக்கும், ஆகவே பிசிஜி கேள்வி அப்போதும் முழுசாகத் தீராது. ஒரு தடுப்பூசியை 6 மாதம் தள்ளிவைப்பது எளிது, எட்டாம் மாதத்தில் ரத்தபேதியோடு வரும் தாயைச் சமாளிப்பது எளிதல்ல.

தேதியை மட்டும் கொஞ்சம் ஒழுங்கு செய்யலாம். அடாலிமுமாப் கடைசி ஊசி பிரசவ நாளுக்கு 2 முதல் 3 வாரம் முன்பு வரும்படியும், இன்ஃப்ளிக்சிமாப் 6 முதல் 10 வாரம் முன்பு வரும்படியும் அமைப்போம். அதற்காக ஒரு தவணையை விட்டுவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பின் தொற்று இல்லையென்றால் சுகப்பிரசவத்தில் 24 மணி நேரம், சிசேரியனில் 48 மணி நேரம் கழித்து அடுத்த தவணையைப் போடலாம்.

மகப்பேறு_மயிலாடுதுறை

பிரசவப் பக்கத்திலிருந்து சில.

சிசேரியன் கட்டாயமில்லை. ஆசனவாயைச் சுற்றிப் புண், புரை இப்போது இருக்கிற குரோன்ஸ் தாய்க்குத்தான் சிசேரியன். புரை ஆறியிருந்தால் சுகப்பிரசவத்துக்கு முயலலாம்.

பிரெட்னிசலோன் எடுப்பவர்: நஞ்சுக்கொடி அதில் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது, பிள்ளைக்குக் கொஞ்சம்தான் போகும். தாய்க்குத்தான் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும். 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையில் 140-ஐத் தொட்டால் சர்க்கரை. முதல் முறை சரியாக இருந்தாலும் ஸ்டீராய்டு தொடங்கியபின் மறுபடி பாருங்கள். திடீரென நிறுத்தவே கூடாது. மூன்று வாரத்துக்கு மேல் தினம் 5 மி.கி.க்கு அதிகமாக எடுத்தவருக்குப் பிரசவ வலியின்போது ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி தேவைப்படும். அட்டையில் எழுதியிருந்தால்தான் வார்டில் தெரியும்.

வலி மருந்து: சிசேரியனுக்குப் பிறகு டைக்ளோஃபினாக் ஊசி எல்லாருக்கும் வரிசையாகப் போய்விடும். அது குடல் நோயைக் கிளப்பலாம். இந்தத் தாய்க்குப் பாராசிட்டமால்தான் முதலில். முன்சூல் வலிப்பைத் (கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறி வருவது) தடுக்கக் குறைந்த அளவு ஆஸ்பிரின் கொடுப்பது வேறு, அது குடலைக் கெடுப்பதாகத் தெரியவில்லை. ஆனால் 12 முதல் 16 வாரத்தில் தொடங்கினால்தான் முழுப் பலன், அடுத்த கர்ப்பிணிக்கு நினைவில் வையுங்கள்.

நோய் கிளம்பி வார்டில் சேர்ந்தாலோ சிசேரியன் ஆனாலோ காலில் ரத்தம் உறையும் ஆபத்து மற்றவரைவிட அதிகம். ஹெபாரின் ஊசி தேவையா என்று கேளுங்கள்.

நீடாமங்கலம்_சிஸ்டர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னும் ரெண்டு சந்தேகம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தா வயிறு வலிக்குதுன்னு சொல்றாங்க, மலமும் கறுப்பாப் போகுது. வயித்துப்போக்கு வந்தா நோய் கிளம்பிடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?

குடல்நலம்_தஞ்சை

கறுப்பு மலம் இரும்பு மாத்திரையால் வருவது, அது பரவாயில்லை. சிவப்பு ரத்தம், சீதம், ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி இவை நோயின் அறிகுறி. மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் கட்டாயப்படுத்தாதீர்கள். நான்காவது மாதத்திலிருந்து இரும்பை நரம்பில் ஏற்றலாம். இரும்பு சுக்ரோஸ் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஏற்றுகிறார்கள்.

பேதி என்றால் முதலில் மலப் பரிசோதனை, அப்புறம்தான் ஸ்டீராய்டு. ஐப்பசி, கார்த்திகையில் அமீபாவும் கிருமித் தொற்றும் நம் பக்கம் சகஜம். அமீபாவை நோய் என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் குடல் ஓட்டையாகும் வரை போகலாம். பேதியை உண்டாக்கும் க்ளாஸ்ட்ரிடியம் என்ற கிருமியின் நச்சுக்கும் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் ஹீமோகுளோபினும் ஆல்புமினும் இயல்பாகவே இறங்கும், அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர் என்ற ரத்த அளவு ஏறும், அவற்றை வைத்து முடிவு செய்ய முடியாது. மலத்தில் பார்க்கும் கால்புரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) கர்ப்பத்தால் அவ்வளவாக மாறுவதில்லை, அதை நம்பலாம். தேவைப்பட்டால் மயக்க மருந்து இல்லாமல் பெருங்குடலின் கடைசிப் பகுதியை மட்டும் குழாய் விட்டுப் பார்ப்பதும் பாதுகாப்பானதே.

மகப்பேறு_மயிலாடுதுறை

பச்சை உடம்புக்காரிக்குக் கொடுக்கும் மருந்து பற்றி யாரும் சொல்லவில்லை. பிரசவ லேகியத்தில் மிளகும் திப்பிலியும் சுக்கும் தூக்கலாக இருக்கும், சில வீட்டில் வயிற்றைக் கழுவ விளக்கெண்ணெயும் கொடுப்பார்கள். இந்தத் தாய்க்கு விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். லேகியத்தை முழுக்க மறுத்தால் வீட்டில் சண்டைதான் வரும், நெல்லிக்காய் அளவுக்குப் பதில் சுண்டைக்காய் அளவு போதும் என்று சொன்னால் பெரியவர்கள் கேட்டுக்கொள்வார்கள். பத்தியம் என்று காய்கறி, மீன், முட்டையை நிறுத்துவதுதான் அதைவிடக் கெடுதல். குழந்தைக்கு உரைமருந்து, வசம்பு எதுவும் நாக்கில் தடவ வேண்டாம், முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும்.

தாய்ப்பால்: அடாலிமுமாப், இன்ஃப்ளிக்சிமாப், மெசலமைன், பிரெட்னிசலோன், அசதயோபிரின் எல்லாவற்றோடும் கொடுக்கலாம். அசதயோபிரின் பாலில் வருவது விழுங்கிய முதல் 4 மணி நேரத்தில்தான் அதிகம், அதுவும் மிகக் குறைந்த அளவு. மனசுக்குத் திருப்தி வேண்டுமென்றால் ராத்திரி பால் கொடுத்துத் தூங்க வைத்தபின் போட்டுக்கொள்ளலாம். மெத்தோட்ரெக்ஸேட், டோஃபாசிடினிப் எடுத்தால் பால் கொடுக்கக் கூடாது.

குழந்தைநலம்_திருவாரூர்

சிஸ்டர், அட்டை விஷயம். தாய் சேய் நல அட்டையின் தடுப்பூசிப் பக்கத்தில், பிசிஜி கட்டத்துக்கு நேராகவே, சிவப்பு மையில் எழுதுங்கள். உள்பக்கத்தில் எழுதினால் ராத்திரி டூட்டியில் யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். இப்படி இருந்தால் போதும்:

"தாய்க்கு அடாலிமுமாப் ஊசி, கடைசியாகப் போட்ட தேதி: ........ குழந்தைக்கு பிசிஜியும் போலியோ சொட்டும் பிறந்ததும் போட வேண்டாம். ஹெபடைட்டிஸ் பி, வைட்டமின் கே போடவும். பிசிஜி 6 மாதம் முடிந்தபின், குழந்தை மருத்துவர் பார்த்து. 3 மாதத்துக்குள் காய்ச்சல் 100.4-ஐத் தொட்டால் உடனே மருத்துவமனை."

அதையே ஒரு தாளில் எழுதி 34 வாரத்தில் பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனையின் கோப்பிலும் சேர்த்துவிடுங்கள். தஞ்சை ராசா மிராசுதார் மருத்துவமனை என்றாலும் திருவாரூர் மருத்துவக் கல்லூரி என்றாலும் தாயோடு போகும் துணை ஆளுக்கும் இது வாய்ப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். வலி வந்து போகும்போது அட்டை வீட்டிலேயே தங்கிவிடுவது புதிதல்ல.

நீடாமங்கலம்_சிஸ்டர்

எழுதி ஒட்டிடுறேன் டாக்டர். மாமியாரையும் கூட உட்கார வெச்சே படிச்சுக் காட்டுறேன், துணைக்குப் போகப்போறது அவங்கதான். 6 மாசம் கழிச்சு பிசிஜி எங்க நிலையத்துலயே போடலாமா? அளவு அதேதானா?

குழந்தைநலம்_திருவாரூர்

போடலாம், அளவு மாறும். பிறந்து ஒரு மாதத்துக்குள் என்றால் 0.05 மி.லி., அதற்குப் பிறகு 0.1 மி.லி. இடது மேற்கையில், தோலுக்குள். குப்பியில் 10 குழந்தைக்கான மருந்து இருக்கும், கலக்கிய 4 மணி நேரத்தில் எறிந்துவிட வேண்டும். ஒரு குழந்தைக்காகக் குப்பியை உடைக்கத் தயங்குவார்கள், அதனால் உங்கள் நிலையத்தில் பிசிஜி போடும் புதன்கிழமை எது என்று முன்பே பார்த்து அந்தத் தேதியைத் தாயிடம் கொடுத்துவிடுங்கள். அதற்கு முந்தின வாரம் குழந்தையை எங்களிடம் ஒருமுறை காட்டட்டும்: எடை ஏறியிருக்கிறதா, இடையில் அடிக்கடி காய்ச்சல் வந்ததா என்று பார்த்து எழுதித் தருகிறோம்.